பச்சை காட்டிய சட்டை

"இதைக் கையில வச்சுப் பாரு, பெரிட்" என்று விக்டிஸ் என் உள்ளங்கையில் ஒரு சின்ன இரும்புக் குப்பியை வைத்தாள்.

"என்ன இது?"

"என் மிதவைச் சட்டையோட குப்பி. கனமா இருக்கா?"

"இரும்பு கனமாத்தான் இருக்கும்."

"உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு. அக்கா, நீ சொல்லு."

அவள் அக்கா டூரிட் மாவுத் தூசி படிந்த சமையல் தராசைத் தன் பக்கம் இழுத்தாள். குப்பியை அதில் வைத்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குப்பியின் வயிற்றில் பொறித்திருந்த எடையைப் படித்தாள். பிறகு தராசின் முள்ளைப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்பதை அவள் உதடு சொன்னது.

எங்கள் மோக்கெவிக் படகுச் சங்கத்தில் எல்லார் வீட்டிலும் இருப்பது இந்த மாதிரி லைஃப் ஜாக்கெட்தான். கழுத்தைச் சுற்றி ஒரு தடித்த பட்டை மாதிரி கிடக்கும். தண்ணீரில் விழுந்தால் உள்ளே இருக்கிற வில்லை கரையும், ஓர் ஊசி பாய்ந்து குப்பியின் வாயைக் குத்தும், அதில் அடைத்த வாயு பாய்ந்து சட்டை உப்பி ஆளை மல்லாக்க மிதக்க வைக்கும். வருடா வருடம் மே மாதம் படகுகளை நீரில் இறக்கும்போது குப்பியைக் கழற்றி எடை பார்க்க வேண்டும் என்பது சங்கத்து விதி. ரொட்டிக்கு மாவு அளக்கிற தராசுதான் அதற்கும்.

டூரிட் குப்பியைத் திருப்பி அதன் வாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஓட்டை" என்றாள்.

எனக்கும் காட்டினாள். தகடு போட்டு மூடியிருக்க வேண்டிய வாயில் ஆணி இறங்கின மாதிரி ஒரு துளை.

"இது ஏற்கெனவே வெடிச்ச குப்பிடி. காலி."

"அதான் சொல்றேன்."

"உன் சட்டையில இருந்ததா?"

"என் சட்டையிலதான்."

"உன் வீட்டுக்காரனோட சட்டையில?"

"அதையும் கழட்டிப் பாத்துட்டேன். அது நிறைஞ்சிருக்கு."

"சட்டையில ஒரு சின்னக் கண்ணாடி இருக்குமே, பச்சை சிவப்பு காட்டுமே, அது?"

"பச்சை. எல்லாம் சரின்னு பச்சை காட்டுது. உள்ள ஒண்ணும் இல்ல."

காபிப் பானை மட்டும் அடுப்பில் முனகிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் மனதில் வந்தது ஒரே பெயர் என்று எனக்குத் தெரியும். யார் முதலில் சொல்வது என்றுதான் தயக்கம்.

டூரிட்டுக்குத் தயக்கம் என்றெல்லாம் எதுவும் கிடையாது.

"ஊன்னி" என்றாள்.

ஊன்னி, விக்டிஸின் கணவன் ஹால்வரின் முதல் மனைவி. நண்டுக்கூடு எடுக்க இரண்டு பேரும் ஓர் அக்டோபர் காலையில் போனார்கள். மிதவைப் பந்தைப் பிடிக்க ஊன்னி படகின் முனைக்குப் போனாள், வழுக்கி விழுந்தாள். அவள் சட்டை உப்பவில்லை. ஹால்வர் படகைத் திருப்பினான், கயிறு வீசினான், ரேடியோவில் அவசரத்துக்கான பதினாறாம் அலைவரிசையில் கூப்பிட்டான், அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் சுட்டிக்காட்டிக்கொண்டே நின்றான். தண்ணீரில் குதிக்கவில்லை. மீட்புப் படகு வந்தபோது நேரம் கடந்திருந்தது. போலீஸ் அந்தச் சட்டையைப் பிரித்துப் பார்த்தது. குப்பி நிறைந்துதான் இருந்தது, ஆனால் கோடை முழுக்கப் படகு ஆடின ஆட்டத்தில் மறை கழன்று, ஊசிக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. யார் மேலும் தப்பில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

ஊர் மூடவில்லை. கப்பல் எஞ்சின் பார்த்த ஆள், ஒரு மறையைச் சரியாக முடுக்கத் தெரியாதா என்றது. ஏன் குதிக்கவில்லை என்றது. குதிக்கக்கூடாது என்பதுதான் விதி. குதித்தால் ஒன்றுக்கு இரண்டாகப் போகும், படகு ஆளில்லாமல் போகும். சங்கத்தில் இதைப் பாடம் எடுப்பதே ஹால்வர்தான். ஆனாலும், விதியை அவ்வளவு சரியாகப் பின்பற்றின மனுஷனை யாருக்குப் பிடிக்கும்?

"உன் கல்யாணத்துக்கு மோதிரத்தோட ஒரு மிதவைச் சட்டையும் வாங்கிக் கொடுத்தானே, அப்பவே நினைச்சேன்" என்றாள் டூரிட்.

"என்ன நினைச்சே?"

"என்னவோ நினைச்சேன். இப்ப வேற மாதிரி நினைக்கிறேன்."

"அவன் எல்லாருக்கும் அந்த மாதிரிதான் கொடுப்பான்க்கா" என்றேன் நான். "என் வீட்டுக்காரர் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீல வாளி கொடுத்தான். படகு விளிம்புல நின்னு ஒண்ணுக்குப் போகாதே, இதுல போ, பாதி ஆம்பளைங்க ஜிப்பைத் திறந்துக்கிட்டுத்தான் முழுகிச் சாகறாங்கன்னு, அத்தனை விருந்தாளிங்க முன்னாடி."

"வாளி கொடுத்தா பரவாயில்ல. வாளில ஓட்டை இருந்ததா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. விக்டிஸுக்கு வரவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள். "செவ்வாய்க்கிழமை காலைல கண் முழிச்சா ஆள் படுக்கையில இல்ல. போய்ப் பாத்தா படகுக் கொட்டகைக்குப் பின்னாடி அவனோட கம்பளிச் சட்டை, கால்சட்டை எல்லாம் சொட்டச் சொட்டக் காயுது. என்னாச்சுன்னேன். படகு மூடாப்புல நின்ன மழைத்தண்ணி மேல கொட்டிடுச்சுன்னான்."

"இந்த வாரம் மழையா?" என்றாள் டூரிட். "என் ஸ்ட்ராபெரிச் செடி வாடிக் கிடக்கு."

"அப்புறம் உள்ள வந்து சொல்றான், உன் சட்டையைச் சோதிச்சாச்சு, இனிமே அதைத் தொடாதேன்னு."

"தொடாதேன்னானா?"

"தொடாதேன்னான். அதனாலதான் தொட்டேன்."

நான் சொன்னேன், "விக்டிஸ், இதுல யோசிக்க என்ன இருக்கு? குப்பியைக் கொண்டுபோய் அவன் முன்னாடி வை. இது என்னன்னு கேளு."

"கேட்டா?" என்று டூரிட் என் பக்கம் திரும்பினாள். "ஐயோ தப்பாயிடுச்சேன்னு சொல்லிப் புதுசு மாட்டிக் கொடுத்துடுவான். தெரிஞ்சு வச்சானா, தெரியாம வச்சானான்னு இவளுக்கு ஆயுசுக்கும் தெரியாது. தெரியாமலே ஒவ்வொரு ஞாயிறும் அவன் படகுல ஏறி உக்காரணும். உன்னால முடியுமா பெரிட்?"

விக்டிஸ் குப்பியின் ஓட்டையைக் கட்டை விரலால் மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அது ஒண்ணுதான்க்கா தெரியணும்" என்றாள். "அவன்கூடப் படகுல ஏறலாமா, கூடாதா."

"அப்போ நான் சொல்றதைக் கேளு. சனிக்கிழமை சங்கத்துப் படகு மேடையில பயிற்சி. யாரு தண்ணியில இறங்கணும்?"

"படகு ஓட்டறவங்க."

எங்கள் சங்கத்து வழக்கம் அது. எல்லாம் தெரிந்தவன் விழுந்து, ஒன்றும் தெரியாதவள் படகில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டதில் ஆரம்பித்தது. வருடத்துக்கு ஒரு முறை ஓட்டுகிறவர் உடுத்திய துணியோடு குதிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் கயிறு வீசி அவரை ஏணிக்கு இழுத்துக் கரையேற்ற வேண்டும். வேடிக்கை பார்க்கிற மற்றவர்கள் இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஆளாளுக்கு உதவப் போய்ப் பயிற்சியே நடக்காது.

"ஓட்டறது ஹால்வர்" என்றாள் டூரிட். "இந்தக் குப்பியைத் திரும்ப உன் சட்டையில மாட்டு. சனிக்கிழமை, குதிக்கப் போற நேரத்துல, சட்டையை மாத்திக்கலாமான்னு கேளு. கேட்டுட்டு அவன் முகத்தைப் பாரு. மாட்டேன்னு சாக்கு சொன்னான்னா உனக்குப் பதில் கிடைச்சாச்சு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடு."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம். அப்பவே சொல்லிடு. குதிக்க விடாதே."

"அது சரி" என்றாள் விக்டிஸ். குப்பியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். கண்ணெல்லாம் உப்பியிருந்தது.

"நேத்து சாப்பிடும்போது கேட்டுட்டேன்."

"ஐயோ, கேட்கக்கூடாதுன்னு டூரிட்..."

"குப்பியைப் பத்திக் கேட்கல. என் சட்டை சரியா இருக்கில்லன்னு சும்மா கேட்டேன். சோதிச்சாச்சுன்னு சொன்னேனேன்னான். எப்படிச் சோதிச்சேன்னேன். சோதிக்கிற மாதிரிதான்னான். எடை போட்டியான்னேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? எடையை விட நல்லாச் சோதிச்சேன்னான்."

"அப்படின்னா?"

"அதையேதான் கேட்டேன். மீன் ஆறுது சாப்பிடுன்னுட்டான். பெரிட், காது மடலெல்லாம் சிவந்து போச்சு அவனுக்கு. என் முகத்தைப் பார்க்கவே இல்ல."

"வெட்கமா இருக்கும்."

"எதுக்கு வெட்கம்? ஒரு மனுஷன் பொண்டாட்டியோட மிதவைச் சட்டையைச் சோதிச்சதுக்கு வெட்கப்படுவானா?"

அவள் வீட்டுக் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஹால்வர் ஏதோ இரும்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் குரலைத் தாழ்த்தியதும் அந்தச் சத்தமும் நின்றது. நாங்கள் வேலிச் செடியைப் பற்றிக் கொஞ்சம் உரக்கப் பேசினோம். சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

சனிக்கிழமை நல்ல வெயில். வெயிலைப் பார்த்து ஏமாறக்கூடாது, மே மாதத் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும். மிதவை மேடையில் முப்பது நாற்பது பேர். நான் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தேன். டூரிட் எனக்கு உதவி என்ற பேரில் பக்கத்தில் நின்று பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிச் சீவித் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சங்கத் தலைவி சில்யே, முப்பது வயதுப் பெண், கழுத்தில் விசிலோடு ரப்பர் படகில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கையெல்லாம் பைக்குள்ள!" என்று அவள் கத்துவாள். "ஓட்டோ, உங்க கையைத்தான் சொல்றேன்!"

"என் பை ஓட்டைம்மா!"

"அப்போ என் பையில விட்டுக்கோ" என்றாள் அவன் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள்.

நான்கு ஜோடிகள் குதித்து ஏறி, பல் கிடுகிடுக்கக் காபி வாங்கிப் போனார்கள். பிறகு ஹால்வர் மேடை விளிம்புக்கு வந்தான். அவனைப் பார்த்ததுமே கூட்டம் களைகட்டியது. ஒவ்வொரு வருடமும் மயங்கினவன் மாதிரி அவன் போடுகிற வேஷம் எங்கள் ஊரில் பிரசித்தம். கண்ணை உருட்டுவான், நாக்கை வெளியே தள்ளுவான், இழுக்கிறவளுக்குக் கொஞ்சமும் ஒத்துழைக்க மாட்டான். நிஜத்துல யாரும் ஒத்துழைச்சுக்கிட்டு முழுக மாட்டாங்க என்பான்.

"ஹால்வர், இந்த வருஷம் வசனம் உண்டா?"

"செத்தவனுக்கு ஏதுடா வசனம்?"

விக்டிஸ் அவன் முன்னால் போய் நின்றாள். நான் கரண்டியைக் கையில் வைத்தபடியே பார்த்தேன். டூரிட் சீவுவதை நிறுத்தினாள்.

"சட்டையை மாத்திக்கலாமா?" என்றாள் விக்டிஸ்.

"ஏன்?"

"சும்மாதான். என்னுது சரியா இருக்கான்னு பார்க்கலாமே."

ஹால்வர் அவளைக் கொஞ்சம் பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு சிரித்தான்.

"என்னுது உனக்குத் தொளதொளன்னு இருக்குமே."

"இருக்கட்டும்."

"சரி, கொடு. இந்த மேடையிலேயே நம்பகமான சட்டை உன்னுதுதான்."

கழற்றினான், மாற்றினான். கால்களுக்கு இடையில் போகிற பட்டையை இழுத்து முடுக்கினான். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை.

டூரிட் என் முழங்கையைக் கிள்ளினாள். "மாட்டிக்கிட்டான்."

"இப்பச் சொல்லணும்" என்றேன்.

"சொல்லுவா."

விக்டிஸ் சொல்லவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னும் ஏதோ வரும் என்று எதிர்பார்க்கிறவள் மாதிரி. பிறகு குனிந்து மேடையில் கிடந்த கயிற்றுப் பையை எடுத்தாள். அதன் வாய்க்கட்டை அவிழ்த்தாள். கயிற்றின் முனையை இடது கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆள் விழுந்த பிறகுதான் பையைத் தொட வேண்டும் என்பது பயிற்சி. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"சொல்லேண்டி" என்று டூரிட் பல்லுக்குள் சொன்னாள்.

சில்யே விசில் ஊதினாள்.

"ஹால்வர்" என்றாள் விக்டிஸ்.

நான் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். ஆனால் அது கத்தல் இல்லை. சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரல். அவன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், குதித்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. கூட்டம் சட்டை உப்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தது. அந்தச் சத்தம் வரவில்லை. ஹால்வர் தலை மேலே வந்தது, வாய் திறந்து திறந்து மூடியது, ஆனால் மூச்சு உள்ளே போகிற மாதிரி தெரியவில்லை. நெஞ்சில் தொங்குகிற கைப்பிடியை இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை இழுத்தான். மறுபடி முழுகினான்.

கூட்டம் சிரித்தது.

"இந்த வருஷம் பிரமாதம்பா!"

"நாக்கு எங்கே? நாக்கைக் காணோமே!"

எல்லாருடைய கையும் பைக்குள். நான் கரண்டியைக் கீழே போட்டேன். அதற்குள் கயிறு பறந்தது. இரண்டாவது முறை அவன் தலை வெளியே வந்தபோது கயிறு அவன் தோளுக்குக் குறுக்கே கிடந்தது.

"கக்கத்துல சுத்திக்கோ!" என்று விக்டிஸ் அலறினாள். இது நிஜமான அலறல். "கையில பிடிக்காதே, நழுவிடும்! சுத்திக்கோ! ஹால்வர், என்னைப் பாரு! சில்யே! இது நடிப்பு இல்ல! எல்லாரும் கையை வெளிய எடுங்கய்யா!"

அவள் குதிக்கவில்லை. மண்டி போட்டு, மேடைத் தூணில் காலை முட்டுக் கொடுத்து இழுத்தாள். ஓட்டோதான் முதலில் ஓடினான். சில்யேயின் ரப்பர் படகு திரும்பி வருவதற்குள் நான்கு பேர் சேர்ந்து அவனை ஏணியில் தூக்கிவிட்டார்கள்.

சங்கத்து அறையில் ஈரத்துணியை உரித்துப் போர்வையால் சுற்றி உட்கார வைத்தோம். டாக்டர் போனில் ஏதேதோ கேட்டு, பக்கத்தில் ஆள் இருக்கட்டும், மூச்சுத் திணறினால் உடனே கொண்டு வாருங்கள் என்றார். வெந்நீரில் கலந்த பழரசம் ஹால்வர் கையில் தளும்பிக்கொண்டே இருந்தது. சில்யே சட்டையைப் பிரித்துக் குப்பியைக் கழற்றினாள்.

"ஓட்டை. இதை இதுக்கு முன்னாடியே யாரோ உபயோகிச்சிருக்காங்க. காலிக் குப்பியை யார் இதுல மாட்டினது?"

அறையில் இருந்தவர்கள் முதலில் ஹால்வரைப் பார்த்தார்கள். பிறகு சட்டை யாருடையது என்று ஞாபகம் வந்து விக்டிஸைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி ஹால்வரை.

"கொடு" என்று ஹால்வர் கை நீட்டினான். குப்பியின் வாயைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நான்தான்" என்றான்.

"என்ன நீதான்?" என்றாள் டூரிட்.

"செவ்வாய்க்கிழமை இதைப் போட்டுக்கிட்டு நான் குதிச்சேன். கொட்டகைத் துறையில. அருமையா உப்புச்சு."

"எதுக்குக் குதிச்சே?" என்றாள் விக்டிஸ். உள்ளே வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ஹால்வர் அவளைப் பார்க்காமல் குப்பியிடம் பேசினான். "ஊன்னியோட சட்டையை எடை போட்டேன். எடை சரியா இருந்துது. எடை மட்டும்தான் சரியா இருந்துது. நீ வந்த அப்புறம், எடையை நம்பறதில்ல. வருஷா வருஷம் உன் சட்டையைப் போட்டு நான் ஒரு தடவை குதிச்சுப் பாத்துட்டுத்தான் உன்கிட்டக் கொடுக்கறது. உப்பினா, மறை, ஊசி, வில்லை எல்லாம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்புறம் வில்லையும் குப்பியும் புதுசு மாத்திடுவேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா? எழுபது வயசுக் கிழவன் விடியக்காலைல துணியோட கடல்ல குதிக்கிறான்னு ஊரே வந்து வேடிக்கை பார்க்கும். பாடம் எடுக்கறவன் தனியாக் குதிச்சான்னு வேற சொல்லும்."

"புதுசு மாத்திடுவேன்னா, மாத்தலையே" என்றாள் டூரிட்.

"கழட்டினதை எல்லாம் துணியில வரிசையா வைப்பேன். எஞ்சின் அறைப் பழக்கம். கழட்டின வரிசையில திரும்பப் பூட்டிட்டு வருவேன். ஒண்ணுகூட மிஞ்சக்கூடாது." அவன் நிறுத்தினான். அந்தத் துணியை மனதுக்குள் பார்க்கிறான் என்று தெரிந்தது. "வில்லை கரைஞ்சு போயிருந்துது, அதனால புதுசு போட்டேன். குப்பி பளபளன்னு அதோட இடத்துல உக்காந்திருந்துது. மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கல. பூட்டிட்டேன் போல. துணியில ஒண்ணும் மிஞ்சல, புது வில்லையைப் பாத்துப் பச்சையும் காட்டுச்சு. திருப்தியா வந்துட்டேன்."

டூரிட் எழுந்து வெளியே போனாள். அவன் கொட்டகை கூப்பிடு தூரம்தான். திரும்பி வந்தவள் ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். கடைக் காகிதம் பிரிக்காத புதுக் குப்பி.

"அலமாரியில இருந்துது" என்றாள். என் காதருகே குனிந்து, "இதை எப்ப வேணாலும் வாங்கி வச்சிருக்கலாம்" என்றாள்.

"டூரிட்!"

"சொன்னேன், அவ்வளவுதான்."

சில்யே மற்றவர்களை வெளியே அனுப்பினாள். நான் அடுப்பை அணைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். ஹால்வருக்கு நடுக்கம் குறைந்திருந்தது. போர்வைக்குள்ளிருந்து விக்டிஸைப் பார்த்தான். அன்று முழுக்க அவள் அவனைப் பார்த்த அதே மாதிரி.

"விக்டிஸ். கயிறு."

"என்ன கயிறு?"

"நான் ரெண்டாந்தரம் தலையைத் தூக்கறதுக்குள்ள கயிறு என் தோள்ல இருந்துது. பையோட கட்டை அவிழ்க்கவே அதைவிட நேரம் ஆகும். உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்."

அவள் குனிந்து ஈரத்துணியை ஒதுக்கினாள்.

"முன்னாடியே அவிழ்த்து வச்சிருந்தே."

"ஆமா."

"காலின்னு தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"புதன்கிழமை."

"சட்டையை மாத்திக்கலாமான்னு கேட்டது அதனாலதானா?"

"உன் முகத்தைப் பார்க்கணும்னு கேட்டேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். அதுல ஒண்ணும் தெரியல. தெரியலைன்னா சொல்லிடணும்னுதான் இருந்தேன். அப்புறம், தெரியாத மாதிரி நடிக்கிறியோன்னு... நீதான் நல்லா நடிப்பியே."

"நல்லா நடிக்கிறேன்னு நீ இன்னைக்குத்தான் சொல்றே" என்றான் அவன். சிரிக்க முயன்றான், இருமல்தான் வந்தது. இருமி முடித்துவிட்டு, "கூப்பிட்டே" என்றான்.

"கூப்பிட்டேன்."

"கேட்டுச்சு. பயப்படறேன்னு நினைச்சேன். பயப்படாதேன்னுதான் சிரிச்சேன்."

"இன்னும் சத்தமாக் கூப்பிட்டிருக்கணும்."

"கூப்பிட்டிருக்கலாம்" என்றான் ஹால்வர்.

அவள் எழுந்து அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். அதை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கினான், உடனே குடிக்கவில்லை. ஒரு கணம் கோப்பைக்குள் பார்த்தான். அவளும் அதைக் கவனித்தாள். பிறகு குடித்தான்.

ஊரில் இப்போது இரண்டு கட்சி. விக்டிஸ் கத்தினாள், விசில் சத்தத்தில் கேட்கவில்லை என்கிறது ஒன்று. கத்தவே இல்லை என்கிறது இன்னொன்று. என்னைக் கேட்டால் கூப்பிட்டாள் என்று சொல்லுவேன். எவ்வளவு சத்தமாக என்று கேட்டால் வாஃபிள் தீய்ந்துகொண்டிருந்தது என்று சொல்லிவிடுவேன். டூரிட் தன் வீட்டு மாடி அறையில் தங்கைக்குப் படுக்கை போட்டு வைத்தாள். தங்கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு காலை என் சமையலறை ஜன்னலிலிருந்து அவர்கள் சமையலறை தெரிந்தது. மேஜையில் தராசு. இரண்டு மிதவைச் சட்டைகள் பிரிந்து கிடந்தன. அவன் குப்பியை அவள் எடை போட்டாள், அவள் குப்பியை அவன் எடை போட்டான். கைமாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு தரம் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மறையை முடுக்கும்போது எதிரே இருப்பவர் கண் அந்தக் கையிலேயே இருந்தது. ஹால்வர் மூக்கில் கண்ணாடி இருந்தது.

நான் அவசரமாக ஒரு டப்பா வாஃபிளை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். கொடுக்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விக்டிஸ் மேடை விளிம்பில் நின்றிருந்தாள். ஒரு காலைப் படகுப் பக்கம் நீட்டுவதும் எடுப்பதுமாக இருந்தாள். ஹால்வர் உள்ளே நின்று கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"வர்றியா இல்லையா? தண்ணி வத்திடும்."

"தள்ளு" என்றாள். அவன் கையைப் பிடிக்காமல் தானே ஏறினாள்.

ஏறினவள் முன் இருக்கைக்குப் போகவில்லை. நேராகப் பின்னால் போய்ச் சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஞ்சினோடு சேர்ந்த சிவப்புச் சுருள் கயிற்றை எடுத்துத் தன் முழங்காலில் மாட்டிக்கொண்டாள். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கயிறு அது. இத்தனை வருடமாக அது ஹால்வர் காலில்தான் இருந்தது.

"நீயா ஓட்டப் போறே?"

"ஏன், கூடாதா?"

"ஓட்டு, ஓட்டு." அவன் முன் இருக்கையில் அவளைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தான். முதுகைக் காட்டவில்லை. கயிற்றுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. ஓட்டறவங்கதான் தண்ணியில இறங்கணும். வர்ற மே மாசம் நீதான் குதிக்கணும்."

"குதிக்கிறேன்."

"சட்டையைத் தயார் பண்ணி வைக்கிறேன்."

"நானே பண்ணிக்கறேன்" என்றாள் விக்டிஸ். எஞ்சினைக் கிளப்பினாள். "நீ கயிறு வீசக் கத்துக்கோ, போதும்."

"அது எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்குத் தெரியணும்" என்றாள் அவள். படகின் கட்டை அவிழ்த்துவிடச் சொல்லி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் அவிழ்த்துவிட்டேன். வாஃபிள் டப்பாவைக் கொடுக்க மறந்துவிட்டேன்.